வைண்டர் ஆயில்

தொண்ணூறுகளின் நடுவில் மாரிகுப்பத்துக்குத் திரும்பி வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு ஸ்பானர் பை. எட்டாவதோடு படிப்பை விட்டு, லாரி ஷெட்டுகளில் படுத்தெழுந்து பல ஊர் சுற்றியிருந்தேன். வெளிநாடு போன ஒரு பங்களாக்காரர், மூலையில் கிடந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை எனக்கு விட்டுப் போனார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. கூரைத் துணியை எலி தின்றிருந்தது. ஏழு மாதத்தில் ஓட வைத்தேன்.

ஆயிலை நானே மாற்றுவேன். வண்டிக்கடியில் கோணியை விரித்துப் படுத்து, சூடு ஆறுமுன் நட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை வடிப்பேன். மாற்று ஆயில் கொண்டுவந்தவன் என் கூட்டாளி. தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்டில், ஆட்கள் நிற்கும் கேஜை ஏற்றி இறக்கும் வைண்டர் இன்ஜினுக்கு எண்ணெய் போடுவது அவன் வேலை. அத்தனை பேர் உயிர் தொங்கும் இன்ஜினில் மட்டமான எண்ணெயா ஊற்றுவார்கள்? அதனால் எங்கள் பக்கத்தில் வைண்டர் ஆயில் என்றால் மறுபேச்சு இல்லை. பிரசவித்தவளுக்கு முதுகில் தேய்த்த வீடுகூட உண்டு.

மூன்று வருடம் அப்படி ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை உட்கார வைத்துப் பேத்தமங்களா ஏரிக்கரைவரை போவேன். வழியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கை காட்டுவான்.

பழைய கார்கள் சேர்க்கும் பெங்களூர்க்காரர் ஒருவர் வண்டியைப் பார்த்துவிட்டு, "இதை நீயே ஓட்டிக்கொண்டு வா. என் வண்டிகளையெல்லாம் உன் கையில் விடுகிறேன்" என்றார். நிலையான வேலை என்று அதுவரை யாரும் என்னிடம் பேசியதில்லை.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது மேடு ஏறும்போது இன்ஜின் தட்ட ஆரம்பித்தது. அடியைக் கழற்றினேன். பேரிங்குகள் அரம் போட்டதுபோல் கோடு விழுந்திருந்தன. அந்தக் காலத்து வண்டிக்கு வேறு பேரிங் எங்கும் கிடைக்காது. கூட்டாளி கடைசியாகக் கொடுத்த கேனிலிருந்து ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்தேன். மறுநாள் அடியில் விரல் கனத்துக்குச் சாம்பல் வண்டல்.

ஷிப்ட் முடிந்து வந்தவனிடம் பாட்டிலைக் காட்டினேன். வெயிலில் தூக்கிப் பார்த்தான்.

"நல்லாத்தானேடா வடிகட்டினேன். பொண்டாட்டி சேலைய ரெண்டா மடிச்சு."

"புது ஆயில்னுல்ல நெனச்சேன்."

"புது ஆயிலு ஸ்டோர்ல பூட்டிக் கீது. ஒரு சொட்டு வெளிய வராது. வைண்டர்ல ஓடி முடிஞ்சு, வேணாம்னு டிரம்ல ஊத்தறத எடுத்தாந்தேன். நீ எப்பனா கேட்டியா?"

"பெங்களூரு வேல போச்சுடா."

"போனா இன்னா? மூணு வருசம் ஏரிக்கரைக்கு ராஜா மாரி போய் வந்தோமே, அது எவன் ஊத்துன எண்ணெயில?"

நான் கேட்கவில்லை என்பது உண்மைதான். திருடிக்கொண்டு வருகிறான் என்று நினைத்தேன். எனக்காகத் திருடுகிறவனிடம் விவரம் கேட்பது அழகல்ல என்று விட்டுவிட்டேன். திருடிக் கொடுத்திருந்தால் அவனை ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டேன்.

பெங்களூருக்கு எழுதினேன். பதில் வரவில்லை. பிறகு ஒருநாள் ஊரைவிட்டுக் கிளம்பி, காலை ரயிலுக்கு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது அவன் வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைத்தேன்.

"போறியாமே. காரு சாவிய குட்த்துட்டுப் போ."

"ஓடாத காருக்குச் சாவி எதுக்கு?"

"புள்ளைங்க உக்காந்து வெளயாடும்."

கொடுத்துவிட்டேன். ரயில் வரும்வரை அவன் நிற்கவில்லை.