வேட்டை நாய்க்கு இனிப்புப் பிஸ்கற்

டென்மார்க்கில், ஸ்கீவ நகரத்துக்கு வெளியே, அறுவடை முடிந்த வயலோரத்தில், செல்வம் அண்ணையின் கார் எஞ்சின் ஆறும்வரை காத்து நிற்கிறோம். கொழும்பில் இருக்கும் மனைவியையும் மகளையும் இங்கே எடுப்பிக்க நான் கொடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு வருடமாகப் பதில் இல்லை. இன்றும் குடிவரவுக் கந்தோரில், பொறுத்திருங்கள் என்றுதான் சொன்னார்கள்.

வயலுக்குள்ளிருந்து துவக்கோடு ஒரு டெனிஷ்காரர் வருகிறார். சட்டைப்பையிலிருந்து இனிப்புப் பிஸ்கற்றை எடுத்துத் தன் வேட்டை நாய்க்கு ஊட்டுகிறார். நாயோ துள்ளிக்கொண்டு நிற்கிறது.

"நாய்க்கு இனிப்புக் குடுத்தா மயிர் கொட்டுமெல்லோ? கேளுங்கோ அண்ணை."

அண்ணை டெனிஷில் கேட்டுவிட்டுத் திரும்புகிறார். "நாள் முழுக்க ஓடுற நாய் திடீரெண்டு சுருண்டு விழுந்திடுமாம். விழமுதல் குடுக்கவேணுமாம். விழுந்தாப்பிறகு குடுத்து என்ன பிரயோசனம் எண்டு கேக்கிறார்."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விழாத நாய்க்கு இவ்வளவு அவசரமா? இதே நாட்டுக் கந்தோர்தானே என்னைப் பொறுத்திருக்கச் சொல்கிறது?

அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். பிறகு இன்னொரு பிஸ்கற்றை என்னிடம் நீட்டுகிறார்.

"உனக்குமாம்," என்கிறார் அண்ணை.

கோபிப்பதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. நான் நேராகத்தானே நிற்கிறேன்?