பல் தெரிந்த படம்

அடையாள அட்டைக்குப் படம் எடுக்க நேற்று வண்ணார்பேட்டைக்குப் போயிருந்தேன். கேமரா முன் உட்கார்ந்ததும் சிரித்துவிட்டேன். "பல்லு தெரியக் கூடாது அண்ணாச்சி" என்றாள் அங்கிருந்த பெண். வாயை மூடினால் எனக்குத் திருட்டு முழி வந்துவிடும். நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பல்லுக்காக நான் முறுக்கிக்கொள்வது இது முதல் தடவை அல்ல.

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ப்ளாஷ் போடாமல், ஆள் தன்னை மறக்கும்வரை காத்திருந்து எடுப்பதுதான் படம் என்பேன். ப்ளாஷைக் கீழே போட்டு உடைத்த பிறகுதான் எனக்கு இந்த ஞானம் வந்தது என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கொஞ்சம் உண்மைதான்.

ஓய்வுபெறும் கணக்கு டீச்சரைப் படமெடுக்க ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பினார். ஓய்வுபெற்றவர்களின் படத்தை ஹாலில் மாட்டுவது அங்கே வழக்கம். சுவர் முழுக்க முறைத்த முகங்கள். அதன் கீழேதான் பிள்ளைகளுக்குக் காலை ஜெபம். பயபக்தி தானாக வந்துவிடும்.

கேமராவைத் தூக்கினாலே டீச்சர் கல்லாகிவிடுவார். மேற்கு ஜன்னலோரம் அவர் விடைத்தாள் திருத்த, நான் மத்தியானத்திலிருந்து கேமராவை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். நடுவில் குட்டித் தூக்கமும் போட்டேன். வெளியே வேப்பமரத்துக்குக் கீழே வெயில் இறங்கி, பைய அவர் கன்னத்துக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து, ஒரு பிள்ளை கணக்குக்கு விடையாக 'டீச்சருக்கே தெரியும்' என்று எழுதியிருந்ததைப் படித்து வாய்விட்டுச் சிரித்தார். எடுத்துவிட்டேன்.

பள்ளி நிர்வாகி முகம் சுளித்தார். "பல்லு தெரியுது வே. மரியாதையா வேற எடும்."

மறுபடி எடுக்காவிட்டால் வேலை கிடையாது என்று முதலாளியும் சொல்லிவிட்டார். இதுதான் படம், வேறு எடுக்கமாட்டேன் என்றேன். படத்தை டீச்சரிடமே கொண்டுபோய் நீட்டினேன்.

டீச்சர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "வகுப்புல சிரிப்ப அடக்கி அடக்கியே காலம் போயிட்டு. செவுத்துலயாவது சிரிச்சிக்கிடுதேன். இதையே மாட்டுங்க."

மாட்டினார்கள். என் வேலையும் தப்பியது.

இப்போது அந்த ஹாலை இடித்துவிட்டார்கள். ஜன்னலும் இல்லை, வேப்பமரமும் இல்லை, டீச்சரும் இல்லை. சுவரில் இருந்த படங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. என் முன்பல் இரண்டும் போய்விட்டன.

இன்றைக்கு மறுபடி வண்ணார்பேட்டைக்குப் போகிறேன். மிச்சமிருக்கிற பல்லைக் காட்டாமல் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருப்பதாக இல்லை.