இரண்டாம் துண்டை யாரும் பார்க்கவில்லை

மார்க்கையன்கோட்டைச் சமுதாயக் கூடத்தில் சமையல் பாத்திரங்களைப் போட்டுவைக்கும் அறை ஒன்று இருந்தது. அதன் கதவை டீச்சர் வெளியிலிருந்து பூட்டிய சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நல்ல உச்சி வெயில் நேரம். உள்ளே நானும் ஆறு அண்டாக்களும். வெளியே, நான் பிள்ளை பிடிக்க வந்தவன் என்று நம்பிய ஒரு கூட்டம். "சத்தம் காட்டாதீகண்ணே" என்று கதவிடுக்கில் சொல்லிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் சொல்லாவிட்டாலும் நான் சத்தம் காட்டியிருக்க மாட்டேன்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஏலத்தோட்டம், லாரி, செங்கல் சூளை என்று சுற்றி, கடைசியில் ஒரு பழைய மொபெட்டில் கொசுவலை, பாய், துணி கட்டிக்கொண்டு வருசநாட்டிலிருந்து கெங்குவார்பட்டி வரை விற்றுக்கொண்டிருந்தேன். டீச்சர் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஊரே டீச்சர் என்றதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். முதல் நாள் வண்டியை நிறுத்தி, பளபளப்பு இல்லாத பச்சைத் துணி இருக்கிறதா என்று கேட்டார். "நாத்துப் பச்சை வேணும்ணே, சுருக்கம் விழாம" என்றார். எதற்கு என்று கேட்டேன். "பொய் சொல்லப் பழக்குறதுக்கு" என்று சிரித்தார்.

உண்மையாகவே அதுதான் அவருடைய வேலை. சனிக்கிழமை மதியங்களில் தோப்பு வேலைக்கும் களையெடுக்கவும் போகிற பெண்கள் கூடத்தில் கூடுவார்கள். போனில் வருவதில் எது பொய் என்று டீச்சர் பட்டியல் போட்டுச் சொல்லவில்லை. அவர்களையே பொய் செய்யச் சொன்னார். பச்சைத் துணிக்கு முன்னால் ஒருவரை நிற்க வைத்துப் படம் எடுத்து, பச்சையை அழித்து, பின்னால் கடலையோ வைகை அணையையோ வைப்பார்கள். ஒருத்தி பேசியதற்கு இன்னொருத்தியின் குரலைப் பொருத்துவார்கள். "சாம்பார் வச்சுப் பழகுனவளுக்குத்தான் இன்னொருத்தி சாம்பார்ல எது கூடிப்போச்சுன்னு நாக்குல தெரியும்" என்பது அவர் அடிக்கடி சொன்னது. ஒரே ஒரு கட்டளைதான். ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் 'இது நாங்க செஞ்ச பொய்' என்று பெரிய எழுத்தில் போட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை படத்துக்கு ஆண் ஆள் வேண்டும் என்றார்கள். துணி விற்ற பழக்கத்தில் நான் நின்றேன். சாக்கு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு முறை நடந்தேன். சாக்கின் வாயிலிருந்து ஒரு பிள்ளையின் கால் தெரிகிற மாதிரி பொம்மைக் காலை ஒட்டினார்கள். பின்னால் மார்க்கையன்கோட்டை பஸ் ஸ்டாப் வந்தது. வாழைத்தார் சுமக்கிற அக்கா ஒருவர் குரல் கொடுத்தார்: "ஆத்தா, பிள்ளைகள வெளிய விடாதீக! சாக்குக்காரன் இங்கனதான் திரியுறான்!" போட்டுப் பார்த்தபோது எனக்கே என்னைக் கண்டு பயமாக இருந்தது. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த அக்காவுக்குத் தன் வேலையில் பெருமை. ஊரார் பார்க்கட்டும் என்று ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். அவருடைய போனில் நீள வீடியோ இரண்டு துண்டாக உடைந்துதான் ஏறும். நானும் சாக்கும் முதல் துண்டில். 'இது நாங்க செஞ்ச பொய்' இரண்டாம் துண்டில். இரண்டாம் துண்டு வரை யாரும் காத்திருக்கவில்லை. கெங்குவார்பட்டியில் கட்டிக்கொடுத்த அவருடைய தங்கை முதல் துண்டை எடுத்து அனுப்பினார். அங்கிருந்து எங்கெங்கோ போய், சில நாளில் மார்க்கையன்கோட்டைக்கே திரும்பி வந்தது. வேறு வேலையாக எங்கோ சுற்றிய எனக்கு ஒன்றும் தெரியாது. பாய் விற்க அந்த ஊருக்குள் நுழைந்தபோது என் முகத்தையும் போனையும் ஒருவர் மாற்றி மாற்றிப் பார்த்தார். மொபெட்டை அப்படியே போட்டுவிட்டு, டீச்சர் இருந்த கூடத்துக்கு ஓடினேன்.

அறைக்குள் ஒரு சின்ன ஜன்னல். அதன் கம்பி வழியே வாசல் தெரிந்தது. அடி எனக்குப் புதிதல்ல. லாரியில் வாங்கியிருக்கிறேன், சூளையில் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த அடிகளுக்குக் காரணம் தெரியும். இங்கே என் முகமே காரணம். அண்டாவுக்குள் உட்கார்ந்து மூடிக்கொள்ளலாமா என்றுகூடப் பார்த்தேன். கால் உள்ளே போகவில்லை.

டீச்சர் லேப்டாப்பை வாசல் மேசையில் வைத்து, "பாருங்கய்யா, இது தனியா ஒட்டுன கால், எடுத்துக் காட்டுறேன்" என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். வெயிலில் திரை கறுப்பாகத்தான் தெரிந்தது. முன்னால் நின்ற ஒருவர், "என்னத்தக் காட்டுறீக? எங்க மூஞ்சிதான் தெரியுது. சாவியக் குடுங்க" என்று கை நீட்டினார். டீச்சரின் கை இடுப்பில் இருந்த சாவியை விட்டு நகரவில்லை.

அப்போதுதான் குரல் கொடுத்த அக்கா வேலையிலிருந்து ஓடி வந்தார், தலையில் சும்மாடு அப்படியே இருந்தது. மேசைக்கு முன்னால் நின்று கத்தினார்: "ஆத்தா, பிள்ளைகள வெளிய விடாதீக! சாக்குக்காரன் இங்கனதான் திரியுறான்!"

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. அதில் அவருடைய கொழுந்தனும் நின்றார். "மதினி, அது நீங்களா?"

"ஏலே, ஒங்க அண்ணன் சரக்கு ஏத்திக்கிட்டு வர்ற அன்னைக்கெல்லாம் இதே தொண்டையிலதானே கத்துறேன்? அடுத்த வீட்டுல இருந்துக்கிட்டு ஒனக்குத் தெரியலையா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். சாவி கேட்ட கை கீழே இறங்கியது. ஆனாலும் நான் வெளியே வந்தபோது அதே ஆள், "எதுக்கும் கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதய்யா" என்றார். வழி விட்டார்கள். பிள்ளைகளை மட்டும் இழுத்துப் பின்னால் வைத்துக்கொண்டார்கள்.

எல்லோரும் போன பிறகு டீச்சர் படியில் உட்கார்ந்து அழுதார். "பொய்ய முன்னாடி வச்சு உண்மையப் பின்னாடி வச்சேன். தப்பு என்னோடதுண்ணே" என்றார். அடுத்த வகுப்பிலிருந்து 'இது நாங்க செஞ்ச பொய்' என்ற வரி படத்தின் குறுக்கே முதல் நொடி முதல் கடைசி வரை ஓடியது. எனக்காக ஒரு மறுப்பு வீடியோ எடுக்கலாம், பெயரையும் முகத்தையும் காட்டி நானே பேச வேண்டும் என்று பலமுறை கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முகத்தை மறக்கட்டும் என்று நினைத்தேன். மீசையை எடுத்தேன், மொபெட்டை விற்றேன், வழியை மாற்றினேன். கொஞ்ச நாள் என்று சொன்னது வருடங்களாகிவிட்டது.

டீச்சர் இப்போது உத்தமபாளையம் பக்கம் வகுப்பு எடுப்பதாகக் கேள்வி. வீடியோவும் ஓய்வதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறு ஊர்ப் பெயரோடு வருகிறது. போன மாதம் குமுளியில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் போனை என் பக்கம் திருப்பினார். அதே சாக்கு, அதே நடை. குரல் மட்டும் மலையாளம். "சூக்ஷிக்கணம் கேட்டோ" என்று எனக்கே எச்சரிக்கை சொன்னார்.

டீயைக் கீழே வைத்தேன். "அது நான்தான்" என்றேன். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. போனை மெதுவாக என் முகத்துக்கு நேரே தூக்கினார். எழுந்து போயிருக்கலாம், போன இடமெல்லாம் இதுதான் நடக்கும். "மூஞ்சிய மட்டும் எடுக்காதீக. பேசுறதையும் சேத்து எடுங்க" என்று சொல்லிவிட்டு, என் பெயரைச் சொன்னேன். பச்சைத் துணி, பொம்மைக் கால், அக்காவின் குரல், எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், போனை இறக்காமலே, "சரி, நிங்களுக்கு ஊர் எது? அங்கே உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது உண்டோ?" என்றார்.

வாயைத் திறந்தேன். எனக்காகச் சொல்லக்கூடிய ஊர் மார்க்கையன்கோட்டைதான், அதுவே என்னை வர வேண்டாம் என்ற ஊர்; வேறு ஒரு ஊரின் பெயரும் வரவில்லை. அவர் போனைப் பிடித்தபடியே காத்திருந்தார்.