இலையை மடிக்காத விருந்தாளி

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கும் சிநேகம் உண்டானது. அங்கிருந்து பெரிய வகுப்புப் பிள்ளைகள் வந்து தங்கி, சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள், எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்கள், எங்களோடு சேர்ந்து வாய்க்காலில் இறங்கி ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போட்டார்கள். சம்பளம் கிடையாது, சேவை. "பிளேன் ஏறி வந்து நம்ம வாய்க்கால்ல இறங்குதுங்களே, அவங்க ஊர்ல வாய்க்காலே இல்லையா?" என்று அப்பா ஆச்சரியப்பட்டார்.

அவர்கள் தங்க, கக்கூஸ் கட்டிய வீடாகத் தேடினார்கள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற ஜனங்கள் இருந்த எங்கள் கீழத்தெருவில் கக்கூஸ் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். மாரியம்மன் புண்ணியம், ஒரு அக்கா எங்கள் பங்குக்கு வந்தாள். பூனைக்கண்ணும் சிவந்த மூக்குமாக, எதைச் சொன்னாலும் சிரிப்பாள்.

அம்மா அவளுக்கு மூன்று வேளையும் தலைவாழை இலைதான் போட்டாள். அக்கா ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிடுவாள். இலை காலியானதும் அம்மா மறுபடி வைப்பாள். அதையும் முடித்துவிட்டு அக்கா சிரிப்பாள். அம்மாவுக்குப் பூரிப்பு தாங்காது.

"சாப்பிடுற அழகப் பாருடி. நீயும்தான் இருக்கியே, கொறிச்சிட்டு எந்திரிக்கிற."

பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி, பொண்ணு பார்க்க வந்தவங்களுக்குப் போடுற மாதிரி போடுற?" என்பாள்.

"போடீ. எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கு."

ஒரு வெள்ளிக்கிழமை காலை அக்கா பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். ஹெட்மாஸ்டர் பெரிய சார் வேனோடு வந்தார், கூடவே அக்காவின் டீச்சரம்மாவும். டீச்சரம்மா முதலில் கேட்டதே எந்தத் தண்ணீர் குடித்தாள் என்றுதான். தண்ணீர்தான் காரணம் என்றால் எல்லாப் பிள்ளைகளையும் தஞ்சாவூர் ஓட்டலுக்குக் கூட்டிப்போய்விடுவதாகவும், இனி யார் வீட்டிலும் தங்கவைப்பதில்லை என்றும் சொன்னார்கள்.

வாசலில் தெருவே கூடிவிட்டது. "அப்பவே நெனச்சேன், நம்ம வீட்டுத் தண்ணி அவங்களுக்கு ஆகுமா?" என்றாள் அத்தை. அப்பா, "நமக்கெதுக்கு இந்த வேலைன்னு சொன்னேனா இல்லையா?" என்று அம்மாவைத்தான் கடிந்தார்.

அம்மா, "காய்ச்சி ஆறவச்சுத்தானே ஊத்தினேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அக்கா நெற்றியில் திருநீறு பூசினாள். "தாயே, நம்ம வீட்டுத் தண்ணிதான் கெடுத்துச்சுன்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாது. மாவிளக்கு போடுறேன்" என்று கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டாள்.

அக்கா என் கையை விடாததால் வேனில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிட்டாள் என்று என்னைக் கேட்டார். நான் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தேன். இட்லி பத்துப் பன்னிரண்டு இருக்கும், அப்புறம் பொங்கல், மதியம் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பாயசம், நடுவில் அதிரசம் என்று போய்க்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவ்வளவும் இவளா?"

"ஆமாங்க. இலைய மடிக்கவே மாட்டாங்க."

டாக்டரம்மா அக்காவிடம் இங்கிலீஷில் கேட்க, அவள் அழுகிற மாதிரி பதில் சொன்னாள். கேட்டதும் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போட்டதை மிச்சம் வைத்தால் சமைத்தவர் மனம் நோகும் என்று அவள் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். இலையை மடித்தால்தான் போதும் என்று அர்த்தம், காலியாக விட்டால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"தண்ணியில ஒண்ணுமில்ல சார். தின்னு தின்னு வயிறு உப்பிப்போச்சு. ரெண்டு வேளை மோர்க்கஞ்சி கொடுங்க, போதும்" என்று டாக்டரம்மா பெரிய சாரிடம் சொன்னார். டீச்சரம்மாவும் சிரித்துவிட்டார்கள். எனக்குப் போன உயிர் வந்தது.

திரும்பி வந்தபோது அம்மா அடுப்புப் பற்றவைக்காமல் வாசலிலேயே நின்றிருந்தாள். பெரிய சார் இறங்கி, தெருவுக்கே கேட்கிற குரலில், "தண்ணியில ஒரு கோளாறும் இல்லம்மா. நீ போட்ட சோறுதான் ஜாஸ்தி. பொண்ணு இங்கதான் இருக்கும்" என்றார். அத்தை, "நான் சொன்னேன்ல, பொண்ணு பார்க்க வந்தவங்களுக்குப் போட்ட சோறுன்னு" என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அக்காவும் அர்த்தம் தெரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

பெரிய சார் மேலத்தெருக்காரர். எங்கள் தெருவுக்கு வந்தால் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். அந்தத் தெருக்காரர்கள் யாரும் எங்கள் வீடுகளில் கை நனைத்ததில்லை. அன்று அவர் குனிந்து உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "குடிக்கத் தண்ணி குடும்மா" என்றார்.

அம்மா பதறிப்போனாள். "சோடா வாங்கியாரச் சொல்றேங்க சார்."

"சோடா எதுக்கு? பானையில மொண்டு குடு."

அம்மா டம்ளரைத் துலக்கித் துலக்கிக் கழுவி மொண்டு கொடுத்தாள். அவர் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்து நிதானமாகக் குடித்துவிட்டு, "இன்னொரு டம்ளர்" என்றார். வாசலில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே அடங்கிப்போனார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

வேனில் வெயில் அப்படி அடித்தது, பாவம் சாருக்குத் தாகம் என்று நினைத்துக்கொண்டேன். அக்காதான் பிழைத்துவிட்டாளே, தண்ணீர் கேட்டதற்குப் போய் அம்மா ஏன் அழுகிறாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.