கடைசிக் கம்பைத் தாண்டிய முகம்

என் தங்கையின் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். அக்காக்காரி சீர்வரிசைத் தட்டோடு நிற்காமல் கேமராவோடு அலைந்தாள் என்று பழவேற்காட்டில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். பொன்னேரியில் ஸ்டூடியோவில் வேலை செய்கிறவள் சொந்தத் தங்கைக்கு வெளியாளை அழைத்து வந்திருந்தால், அதற்கும் வாய் சும்மா இருந்திருக்காது.

என்னிடம் இருந்தது கிராப் சென்சார் கேமரா. கேமராவுக்குள் படம் விழுகிற தகடுதான் சென்சார். அது பழைய பிலிம் அளவுக்கு முழுசாக இருந்தால் எங்கள் தொழிலில் ஃபுல் ஃபிரேம் என்போம். அதைவிடச் சின்னதாக இருப்பது கிராப். ஏரிக்காற்றின் உப்பும் ஈரமும் பட்டால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும் என்று, என் கேமராவைத் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்திருப்பேன். உலை வைக்கப்போன அம்மா கையை விட்டுத் துழாவி, "இன்னிக்கு இதயே வடிச்சுக் கொட்டட்டுமா?" என்று கேட்பாள்.

ஸ்டூடியோ முதலாளிக்கு அந்தக் கேமராவைக் கண்டாலே இளக்காரம். "கல்யாணத்துக்கு இந்தப் பொம்மய எடுத்துக்கினு போவாதம்மா. விடியகாலை முகூர்த்தம்னு சொல்ற, கோயில் மண்டபம் இருட்டு. படம் பூரா புள்ளி புள்ளியா வரும், அப்புறம் பேஜாரு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. சென்னையில் ஒரு ஃபுல் ஃபிரேமை வாடகைக்கு எடுத்தேன். பூநாரை பார்க்க வருகிறவர்களோடு போகும்போது முதலாளி பயன்படுத்தும் நீள லென்ஸையும் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். இரண்டு கேமராவுக்கும் பொருந்தும் லென்ஸ் அது. பொம்மை என்று சொன்னதற்குக் கோபித்துக்கொள்வதா, லென்ஸுக்கு நன்றி சொல்வதா என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

மாப்பிள்ளைக்கு ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். சுற்றிக்கொண்டு போனால் ரோடு உண்டு. இருந்தாலும் எங்கள் தெருவில் பெண் போட்டில்தான் போகவேண்டும். கரையோரம் தண்ணீர் ஆழமில்லாததால், வலை கட்ட நட்டிருக்கும் கம்புகளைத் தாண்டுகிற வரைக்கும் போட்டைத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். அதற்கப்புறம்தான் எஞ்சின். கடைசிக் கம்பைத் தாண்டும்வரை பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது. கரையில் இருப்பவர்களும் அதுவரை கூப்பிடக் கூடாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தாண்டியபின் திரும்பலாம்தான். ஆனால் அந்தத் தூரத்தில் புடவை நிறம் தெரியும், முகம் தெரியாது.

இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தது அம்மா. தங்கையைக் கேட்டபோது "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தலை வாரிக்கொள்ளப் போய்விட்டாள். அப்படிச் சொன்னால் பெற்றவள் என்னதான் எடுத்துக்கொள்வாள்? சந்தோஷம் என்றா, சலிப்பு என்றா? நானும் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். "உனக்கு வேற வேலையே இல்லியாக்கா?" என்றாள். அம்மா பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் எல்லாம் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பாட்டைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் வாழைக்காய் நறுக்கிக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"உன் கேமராவுல கம்பு வரைக்கும் தெரியுமாடி?"

"தெரிஞ்சா இன்னா பண்ணப் போற?"

"தாண்டுனப்புறம் திரும்புவா இல்ல, அப்போ அவ மூஞ்சியப் பாக்கணும்."

"அதுக்கென்னா, நாளன்னிக்கு வீடியோ கால் போட்டு ஆற அமரப் பாரேன்."

"போன்ல நல்லாகீறேம்மான்னுதான் சொல்லுவா. பாக்கறது நான்னு தெரியும் இல்ல? யாரும் பாக்கலன்னு நெனச்சுக்கினு இருக்கறப்ப பாக்கணும்டி. இஷ்டமாத்தான் போறாளான்னு எனக்குத் தெரியணும்."

அதற்குமேல் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரவில்லை.

முகூர்த்தத்தில் ஃபுல் ஃபிரேம் தன் வேலையைக் காட்டியது. மண்டபத்தில் இருந்தது அழுது வடியும் ஒரு டியூப்லைட். பெரிய சென்சார் அந்த வெளிச்சத்தையே போதும் என்று வாங்கிக்கொண்டது. மஞ்சள் கயிற்றின் முறுக்கு, மருதாணிச் சிவப்பு, நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் புது வேட்டியில் மடிப்பு, எல்லாம் ஒரு புள்ளி இல்லாமல் பளிச்சென்று விழுந்தன. என் கேமராவாக இருந்தால் நிழலெல்லாம் மணல் தூவினாற்போல் வந்திருக்கும். முதலாளியை மனசுக்குள் கும்பிட்டேன். ஆனால் மணப்பெண் தலை நிமிரக் கூடாதே. எவ்வளவு துல்லியமாக எடுத்தும் எனக்குக் கிடைத்தது அவளுடைய வகிடும் நெற்றிச்சுட்டியும்தான்.

வெயில் ஏறுவதற்குள் போட்டுக்கு வந்துவிட்டோம். தங்கை குனிந்த தலை நிமிராமல் ஏறி, எங்களுக்கு முதுகு காட்டி மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாள். போட்டைத் தள்ள ஆரம்பித்தார்கள். என் கழுத்தில் இரண்டு கேமரா, பையில் ஒரு நீள லென்ஸ். காலையில் பார்த்த படங்களின் மயக்கத்தில் கை தானாக ஃபுல் ஃபிரேமுக்குத்தான் போனது.

அப்புறம்தான் யோசித்தேன். இரண்டு சென்சாரிலும் வெளிச்சத்தை வாங்கும் நுண்கட்டங்களின், அதாவது பிக்சல்களின், எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். சின்னதில் அவை நெருக்கமாக இருக்கின்றன. ஒரே லென்ஸ் வழியாக அந்தத் தூரத்து முகம் இரண்டிலும் ஒரே அளவாகத்தான் விழும். நெருக்கமான கண்ணி வலையில் சின்ன இறாலும் தங்குகிற மாதிரி, சின்ன சென்சாரில்தான் அந்த முகத்துக்கு அதிக பிக்சல் கிடைக்கும். வெளிச்சம்தான் வேண்டிய மட்டும் இருக்கிறதே. காற்றுக்கு முதுகைக் காட்டி, முந்தானையைப் போர்த்தி, லென்ஸை என் பொம்மையில் மாட்டினேன்.

நீள லென்ஸ் கையில் நிற்காது. கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்த நைனாவின் தோளில் அதைத் தாங்கக் கொடுத்தேன். பார்த்தால் படம் முழுக்க ஆடுகிறது.

"நைனா, தோள ஆட்டாத."

"நான் எங்கம்மா ஆட்டறேன்?" என்றார். குரலும் ஆடியது. மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

"அவ மூஞ்சி வேணும்னா செத்த நேரம் அழாம நில்லு நைனா."

நைனா மூச்சை இழுத்துப் பிடித்தார். தோள் கல்லாகிவிட்டது. அந்தத் தோளுக்கு நான் எத்தனை தரம் நன்றி சொன்னாலும் தகும்.

கடைசிக் கம்பு பின்னால் போனது. எஞ்சின் புகை கிளம்பியது. நீலப் புடவை திரும்பியது. அவள் மறுபடி அந்தப் பக்கம் திரும்புகிறவரை விடாமல் அழுத்தினேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் படத்தைப் பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன். முகம் உடையாமல் வந்தது. கண்மை கலைந்திருந்தது, அழுதிருக்கிறாள். ஆனால் வாய் நிறையச் சிரிப்பு. காற்றில் பறந்த முந்தானையை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டிருக்க, அவள் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி எங்களைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"சிரிக்கிறாடி" என்றாள் அம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "கையாட்டுது பாரு என் பொண்ணு."

எங்கள் கண்ணுக்கு அந்தக் கை தெரியவே இல்லை. கரையில் அத்தனை பேர் இருந்தும் ஒருத்தர்கூடத் திருப்பிக் கையாட்டவில்லை. அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகக்கூட நிற்காமல் முழங்கால் தண்ணீர் வரைக்கும் நடந்து போய், இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். போட்டு அதற்குள் ஒரு கறுப்புப் புள்ளியாகிவிட்டிருந்தது. அம்மாவை எடுக்க நீள லென்ஸ் வேண்டியதில்லை. ஃபுல் ஃபிரேமைத் தூக்கி, ஏரியும் வானமும் அவளுமாக ஒரு படம் எடுத்தேன். அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் அம்மா கையாட்டும் அந்தப் படத்தைத் தங்கையின் போனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அக்கா, இது எப்ப எடுத்த?"

"நீ போனப்புறம்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"நான் கையாட்டுனேன்கா. கரையில ஒருத்தர் கையும் மேல வரல. அம்மாகூட ஆட்டலியேன்னு காலைலருந்து மனசே சரியில்ல. இங்க எல்லாம் சாப்புடு சாப்புடுன்றாங்க, எறங்கவே மாட்டேங்குது."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டுனேன்டி கண்ணு" என்றாள். "கொஞ்சம் லேட்டா ஆட்டிட்டேன், அவ்ளோதான். நீ போய் சாப்புடு."