பாடு இல்லாத நாள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் நான் ஒரு தியாகம் செய்யக் கிளம்பினேன். கல்லூரியில் வேதியியலுக்கு இடம் கிடைத்திருந்தது. எனக்கோ அதன்மேல் கொள்ளை ஆசை. ஆனால் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்ததால் அவளால் குனியவோ தூக்கவோ முடியாது. அம்மா விடியுமுன் ஏரிக்கரை ஏலத்தில் இறால் எடுத்துக்கொண்டு பொன்னேரிச் சந்தைக்கு பஸ் ஏறிவிடுவாள். பகலில் குழந்தையை யார் பார்ப்பது? ஒரு வருஷம் கழித்துச் சேர்ந்துகொள்கிறேன் என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு, யாராவது தடுப்பார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

தடுத்தது அக்காதான்.

"இன்னாத்துக்கு நிக்கற? நாளைக்கு எம்புள்ள, சித்தி ஏன் படிக்கலன்னு கேட்டா, உன்னாலதான்னு சொல்லவா?"

"ஒரு வருஷம்தானேக்கா?"

"நானும் அப்பிடிச் சொல்லித்தான் நின்னேன். இப்ப பாரு, எங்க குந்திக்கினு இருக்கேன்னு."

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

நைனா, அதாவது எங்கள் அப்பா, அங்கே கால் நீட்டி உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். அன்று அவருக்குப் பாடு இல்லை. ஏரியில் நல்ல இடங்களில் வலை போட ஊரே முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். முறை வந்தால் ஏரி, வராவிட்டால் வாசல். வலது கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துக்கொண்டு கையால் பின்னுவார். பாடு இல்லாத நாளில் அவரும் வீட்டில் ஒரு ஆள் என்பது எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அவர் நிமிராமலே சொன்னார்: "எனக்கு ரெண்டு காலு இருக்குதே."

நாங்கள் விழித்தோம்.

"புள்ள தூங்கற ஏணைக் கவுத்த இந்தக் கால்ல கட்டு" என்று இடது காலை ஆட்டிக் காட்டினார்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ நைனா, சிரிக்க வெக்காத, தையல் வலிக்குது!"

நான் விடவில்லை. "பாடு இருக்கற அன்னிக்கி?"

"அன்னிக்கி மட்டும் உங்கம்மா யாவாரத்துக்குப் போவ வேணாம்."

"இத்தினி நாளா இந்த வாய எங்க வெச்சிருந்த?" என்றாள் அம்மா. அவள் பாஷையில் அது சம்மதம்.

அன்று சாயங்காலமே ஒத்திகை நடந்தது. சேலையில் தூளியாகக் கட்டிய ஏணை அருமையாக ஆடியது. குழந்தை ஆசீர்வாதம் செய்ததில் வலையும் நைனாவும் நனைந்தார்கள். எனக்குத் தெருவில் இறங்கிக் கத்த வேண்டும் போல அவ்வளவு சந்தோஷம்.

கல்லூரியில் முதல் நாள் முடிந்து ஓட்டமும் நடையுமாக வீடு திரும்பினேன். வாசலில் நைனா ஆணி அடித்தாற்போல் இருந்தார். ஏணைக் கயிற்றையும் சேர்த்து வலையோடு பின்னிவிட்டிருந்தார்! எழுந்தால் ஏணை குலுங்கும், குழந்தை முழித்துக்கொள்ளும்.

அவிழ்க்கக் குனிந்தேன். "அது கெடக்கட்டும்" என்று கிசுகிசுத்தார். "இன்னா சொல்லிக் குடுத்தாங்கோ? மெதுவாச் சொல்லு."

பக்கத்தில் குந்தி, வகுப்பு, ஆய்வுக்கூடம், கண்ணாடிக் குழாய்கள் என்று ரகசியம் போல ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவருக்குப் பாதி புரியவில்லை, எனக்கும்தான். தலையை மட்டும் பலமாக ஆட்டினார்.

தூங்குகிறாள் என்று நான் நினைத்திருந்த அக்காவின் குரல் உள்ளேயிருந்து வந்தது.

"கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன்டி. எனக்குக் கேக்கல."