அக்குளில் உரிந்த தோல்

மார்பில் இருந்த கட்டியை எடுத்த பிறகு திருப்பதியில் எனக்குக் கரண்ட் வைத்தார்கள். ரேடியேஷனுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேச்சு. சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தோம். நெஞ்சில் பேனாவால் கோடு போட்ட நர்ஸ், "இது அழியக் கூடாதும்மா. பவுடர், எண்ணெய் எதுவும் வேணாம்" என்றார். அன்றிலிருந்து குளிக்கவே பயம். கோடு அழிந்தால் கரண்ட் வேறெங்காவது பாய்ந்துவிடுமோ என்று தண்ணீரை ஓரமாக ஊற்றிக்கொள்வேன்.

சில வாரங்களில் அக்குள் கறுத்தது. ஒரு நாள் சாயங்காலம் ரவிக்கையைக் கழற்றினேன்; துணியோடு தோலும் வந்தது. அடியில் சிவப்பாக, ஈரமாக இருந்தது. நோய்தான் உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்காரரைக் கூப்பிட எழுந்தேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் சபை அக்கா ஜெப எண்ணெயோடு வந்தார். விஷயம் தெரிந்ததும் மூடியைத் திறந்தார்.

"ஆஸ்பத்திரில எதுவும் பூசக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்கக்கா."

"இது ஜெபம் பண்ண எண்ணெய்மா. உனக்கு விசுவாசம் இல்லியா?"

மறுத்தால் ஆண்டவர் கைவிட்டுவிடுவாரோ? பூசினால் புண் இன்னும் வெந்துபோகுமோ? கடைசியில், "நெத்தில வைங்கக்கா. புண்ணுல வேணாம்" என்றேன். அவர் நெற்றியில் தடவி, கண்ணை மூடி ஜெபித்தார்.

மறுநாள் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பயபடகண்டி அம்மா, பயப்படாதீங்க. இது நோய் இல்ல, கரண்ட் சூடு. ஆறுற வரைக்கும் நிறுத்தி வைக்கலாம்" என்றார்.

அது இன்னும் பெரிய பயமாகிவிட்டது. "நிறுத்துனா மறுபடி வளந்துடாதா மேடம்?"

"அப்படில்லாம் ஆகாது. தோல் ஆறட்டும்."

வீட்டில் என் வீட்டுக்காரர்தான் மருந்து போட்டார். மருந்து தொட்ட விரலைப் புண்ணுக்கு மேலேயே நிறுத்திக்கொண்டார்.

"நோவுதா?"

"நீங்க இன்னும் தொடவே இல்லியே!"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அப்படியே அழுகையும் வந்தது. அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துத் தொளதொளவென்று ஒரு சட்டை தைத்துக்கொண்டேன். புண்ணின் ஓரத்திலிருந்து மெல்லிசாகப் புதுத்தோல் வந்தது. விட்ட இடத்திலிருந்து சிகிச்சை தொடர்ந்து, நல்லபடியாக முடிந்தது.

அந்த இடம் இன்றும் கறுப்பாகத்தான் இருக்கிறது. அங்கே லேசாக அரித்தால்கூட உடனே கண்ணாடி முன்னால் போய் நிற்கிறேன்.